சரக்குச் செலவும் நகரத்தின் அளவும்: தெலுக் இந்தான் காட்டும் கணக்கு

1957ஆம் ஆண்டு மலாயாவில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பேராக் மாநிலம் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுடன் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. கோலாலம்பூரையும் தன்னுள் கொண்டிருந்த அன்றைய சிலாங்கூரின் மக்கள்தொகை ஏறக்குறைய 10 லட்சம்தான். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது பேராக்கில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் வாழ்ந்தனர். 1974இல் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிக்கப்பட்ட கோலாலம்பூரையும் சேர்த்துப் பார்த்தால் பழைய சிலாங்கூர் எல்லைக்குள் ஏறத்தாழ 90 லட்சம் பேர் இருந்தனர். ஆறு தலைமுறை அல்ல, அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு மாநிலம் இரு மடங்காகவும் அதன் அண்டை மாநிலம் ஒன்பது மடங்காகவும் பெருகியதற்கு, ஈயம் வீழ்ந்தது, ரப்பர் விலை சரிந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் பொய்யல்ல. ஆயினும் பேராக்கை விட்டுப் போனவர்கள் ஏன் கிள்ளான் பள்ளத்தாக்கில் குவிந்தார்கள், ஒரு காலத்தில் நீராவிக் கப்பல்கள் வந்துபோன தெலுக் இந்தான் போன்ற ஊர்களில் ஏன் தங்கவில்லை என்ற கேள்விக்கு அந்தக் காரணங்களில் விடை இல்லை. அந்த விடையின் பெரும்பகுதி, ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்ல என்ன செலவாகிறது என்ற எளிய கணக்கில் இருக்கிறது.

பொருளியலாளர் 'வணிகச் செலவு' என்று குறிப்பிடுவது கப்பல் கூலியையோ லாரி வாடகையையோ மட்டுமன்று. சுங்க வரி, காப்பீடு, துறைமுகத்தில் ஏற்றி இறக்கும் கூலி, சரக்கு வழியில் முடங்கிக் கிடக்கும் நாட்களுக்கான வட்டி, நாணயம் மாற்றும் செலவு, வாங்குபவரைத் தேடிப் பிடிக்கும் செலவு, இறுதியில் மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் எடுத்துக்கொள்ளும் பங்கு என, உற்பத்தியான இடத்தில் ஒரு பொருளுக்கு இருக்கும் விலைக்கும் அது பயனாளியின் கையில் சேரும்போது இருக்கும் விலைக்கும் இடைப்பட்ட அனைத்தும் அதில் அடங்கும். ஜேம்ஸ் ஆண்டர்சனும் எரிக் வான் வின்கூப்பும் 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தொழில்வளம் மிக்க நாடுகளில்கூட இந்த இடைவெளி தோராயமாக 170 விழுக்காடு. அதாவது ஆலை வாசலில் 100 வெள்ளிக்கு அடங்கும் பொருள் வெளிநாட்டுப் பயனாளியிடம் சேரும்போது 270 வெள்ளியாகிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானியப் பொருளியலாளர் வான் தியூனன் இதையே இன்னும் கண்ணுக்குத் தெரியும்படி விளக்கினார்: தானிய வண்டியை இழுக்கும் குதிரைகள் வழிநெடுகத் தீனி தின்கின்றன, எனவே வழி நீள நீளச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் தானியத்தில் ஒரு பகுதி போக்குவரத்துக்கே செலவாகிவிடுகிறது. நெடுந்தொலைவு சென்றால் விற்பதற்கு எதுவும் மிஞ்சாது.

இந்தச் செலவுக்கும் நகரத்தின் அளவுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக வரைந்து காட்டியவர்கள் பால் குருக்மனும் ரவுல் லிவாஸ் எலிசோண்டோவும். 1996இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுரை, வளரும் நாடுகளில் ஒரே ஒரு நகரம் மட்டும் ஏன் அளவுக்கு மீறி வீங்குகிறது என்பதை ஆராய்ந்தது. உயர்ந்த சுங்கவரிச் சுவருக்குள் ஒரு நாடு அடைபட்டிருக்கும்போது, ஆலைகள் தமக்கு வேண்டிய உதிரிப் பாகங்களை உள்நாட்டிலேயே வாங்கவும் செய்த பொருளை உள்நாட்டிலேயே விற்கவும் வேண்டியிருக்கிறது. விற்போரும் வாங்குவோரும் மிகுதியாக இருக்கும் இடம் ஏற்கெனவே பெரிதாக உள்ள நகரம்தான் என்பதால் புதிய ஆலையும் அங்கேயே போகிறது, வேலை தேடுபவரும் அங்கேயே போகிறார், இருவரும் போனதால் அந்நகரம் மேலும் பெருத்து அடுத்த ஆலையை இழுக்கிறது. வீட்டு வாடகையும் போக்குவரத்து நெரிசலும் எதிர்த்திசையில் தள்ளினாலும் இந்த ஈர்ப்பை வெல்வதில்லை. வரிச்சுவர் தாழ்ந்து மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வரவும் சரக்கு வெளிநாட்டுக்குப் போகவும் தொடங்கினால், தலைநகரத்தின் சந்தை அந்த ஆலைக்கு இன்றியமையாததாக இருப்பதில்லை. வாடகையும் நெரிசலும் அதற்குப் பின்பே தம் வேலையைச் செய்து ஆலைகளை வெளியே தள்ளுகின்றன. மெக்சிகோ 1986இல் உலக வணிக உடன்படிக்கையில் இணைந்து, 1994இல் அமெரிக்காவுடனும் கனடாவுடனும் தடையற்ற வணிக ஒப்பந்தத்துக்குள் நுழைந்த காலத்தில் இதுவே நடந்தது. 1980இல் நாட்டின் ஆலைத் தொழிலாளரில் பாதிக்குச் சற்றே குறைவானவர்களைக் கொண்டிருந்த மெக்சிகோ நகரத்தின் பங்கு, 1990களின் தொடக்கத்துக்குள் மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஆலைகள் வடக்கே அமெரிக்க எல்லையோர நகரங்களை நோக்கி நகர்ந்தன.

கோட்பாடு இவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பேராக் ஆற்றின் கரையில் அது வேறு முகம் காட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிந்தா பள்ளத்தாக்கு உலகின் வளமான ஈய வயல்களுள் ஒன்றாக எழுந்தபோது, அங்கிருந்து கடலுக்குச் செல்லத் தரைவழி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. யானைத் தடங்களும் சேற்றுப் பாதைகளுமே இருந்தன. கனமான ஈயத்தை அவற்றின் வழியே கொண்டுபோவதற்கு ஆகும் கூலி அதன் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஆகவே சரக்கு ஆற்றை நம்பியது. கழி ஊன்றித் தள்ளும் படகுகள் கிந்தா ஆற்றில் எவ்வளவு தொலைவு மேலேற முடிந்ததோ அந்த எல்லையில் ஈப்போ தோன்றியது. கிந்தா ஆறு பேராக் ஆற்றில் கலந்து, கடற்கப்பல் உள்ளே வரக்கூடிய ஆழம் உள்ள கீழ்ப்பகுதியில் இன்றைய தெலுக் இந்தான் வளர்ந்தது. ஒரே ஆற்றுவழியின் இரு முனைகளில் பிறந்த இவ்விரு ஊர்களுக்கும் இடத்தைத் தேர்ந்தது மன்னரும் அல்லர், ஆங்கிலேய அதிகாரியும் அல்லர்; படகுக் கூலிதான் தேர்ந்தது. பினாங்கின் துணை ஆளுநராக இருந்த ஆர்ச்சிபால்ட் ஆன்சனின் பெயரால் 1882இல் தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்படலான இவ்வூருக்கு, சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து 1982இல் இப்போதைய பெயர் சூட்டப்பட்டது.

படகிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து படகுக்கும் சரக்கு மாறும் இடத்தில் ஒரு நகரம் உருவாவது உலகெங்கும் காணப்படும் நிகழ்ச்சி. மாற்றும் சரக்கை வைக்கக் கிடங்கு வேண்டும், தூக்க ஆட்கள் வேண்டும், எடை பார்க்கவும் வரி வாங்கவும் அலுவலகம் வேண்டும், கப்பல் வரும்வரை பணம் முடங்காதிருக்கக் கடன் கொடுப்பவர் வேண்டும். ஈயம் கீழே இறங்கியது. சுரங்கத் தொழிலாளருக்கு அரிசியும் எண்ணெயும் கருவிகளும் மேலே ஏறின. 1890இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப் நிறுவனத்தின் கப்பல்கள் தெலுக் ஆன்சனைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்தன. செட்டிநாட்டு நகரத்தார் கடைகள் வந்தன. அவர்களுடைய தண்டாயுதபாணி கோயிலும் சித்ரா பௌர்ணமித் திருவிழாவும் இன்றுவரை ஊரின் அடையாளமாக நிற்பது, கடன் தேவைப்படும் அளவுக்கு அங்கே சரக்கு புரண்டதன் சான்று. 1885இல் தண்ணீர்த் தொட்டியாகவும் மணிக்கூண்டாகவும் கட்டப்பட்டு, அடியிலிருந்த மென்மண்ணால் ஒருபுறம் சாய்ந்துவிட்ட கோபுரத்தைச் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கிறார்கள். அந்தக் கோபுரத்தைச் சாய்த்த வண்டல் மண்தான் ஆற்றின் ஆழத்தையும் சிறிது சிறிதாகக் குறைத்தது என்பதையும், ஊரை வாழவைத்த ஈயச் சுரங்கங்களின் கழிவு மண்ணே அந்த வண்டலைப் பெருக்கியது என்பதையும் எத்தனை பேர் எண்ணிப்பார்க்கிறார்கள் என்பது ஐயமே.

1893இல் தெலுக் ஆன்சனிலிருந்து தாப்பா ரோடு வரை, முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான நீளத்தில், ரயில் பாதை திறக்கப்பட்டு, அது அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஈப்போ வரை நீண்டது. அக்காலத்து மலாயாவில் ரயில் என்பது ஊருக்கு ஊர் போகும் வசதியாகத் திட்டமிடப்படவில்லை. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இடப்பட்ட நாட்டின் முதல் பாதையைப் போலவே, ஈயம் கிடைக்கும் இடத்தை அதற்கு மிக அருகிலுள்ள கடற்கரையோடு இணைக்கும் குறுக்குக் கோடாகவே ஒவ்வொரு பாதையும் இருந்தது. அந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் தனித் துறைமுகம் தேவைப்பட்டது. தெலுக் ஆன்சனின் பொற்காலம் இது.

அந்தக் காலம் முடிவுக்கு வந்ததற்குக் காரணம் வறட்சியும் அல்ல, போரும் அல்ல. இன்னொரு ரயில் பாதைதான். 1900இல் கோலகங்சார் அருகே பேராக் ஆற்றின் குறுக்கே விக்டோரியா பாலம் கட்டிமுடிக்கப்பட்டதும், தனித்தனியாகக் கிடந்த குறுக்குக் கோடுகளை வடக்கு தெற்காக ஒரே தண்டவாளத்தால் கோக்க வழி பிறந்தது. 1903க்குள் பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள பிறை முதல் கோலாலம்பூர் வழியாகச் சிரம்பான் வரை ரயில் ஓடியது. கிந்தாவின் ஈயம் இப்போது ஆற்றுத்துறைக்கு இறங்கிச் சிறிய கப்பலில் ஏறிப் பினாங்கில் மீண்டும் இறங்க வேண்டியதில்லை. வண்டியில் ஏறிய மூட்டை நேரே பெரிய துறைமுகத்தின் வாசலில் இறங்கலாம். தெற்கே, சேற்றுக்கரையை விடுத்து ஆழ்நீரில் அமைக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய கிள்ளான் துறைமுகம், 1901இலேயே திறக்கப்பட்டிருந்தது. போக்குவரத்துச் செலவு குறைந்தது எல்லோருக்கும் நன்மை என்று பொதுவாக எண்ணப்படுகிறது. செலவு மிகுந்திருந்ததாலேயே பிறந்த ஊருக்கு, அந்தச் செலவு குறைவது பிழைப்பைப் பறிக்கும் செய்தி. முதலில் ஆற்று வழியால் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்த ஈப்போவும் தெலுக் ஆன்சனும் இங்கே பிரிந்தன: ஈப்போ இரு திசைகளிலும் ரயில் செல்லும் நடு நிலையமாகி 1937இல் தைப்பிங்கிடமிருந்து மாநிலத் தலைநகரப் பதவியையும் பெற்றது, தெலுக் ஆன்சன் ஒரு கிளைப்பாதையின் கடைசி நிறுத்தமாயிற்று.

ஆயினும் ஊர் உடனே ஓய்ந்துவிடவில்லை. சுற்றிலும் ரப்பரும் தென்னையும் எழுந்தன. 1906இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம் பின்னாளில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் என்ற பெருநிறுவனமாக வளர்ந்து செம்பனைக்கும் மாறியது. தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்த் தொழிலாளருக்கு அன்றாடப் பொருள் வாங்கும் சந்தையும், தோட்டச் சரக்குக்குத் துறையுமாகத் தெலுக் ஆன்சன் இன்னும் அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. 1942 ஜனவரியில் கம்பாரில் தடுக்கப்பட்ட ஜப்பானியப் படை, பிரிட்டிஷாரின் பின்புறத்தை எட்டுவதற்குக் கடல்வழியாக வந்து கரையேறியதும் இந்த ஆற்று முகத்துப் பகுதியில்தான். வணிகர் கைவிடத் தொடங்கிய வழி படைக்கு உதவியது.

கடலின் மறுகரையில் இதற்கு ஒரு சோதரக் கதை உண்டு. மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழருள் பலர் புறப்பட்ட நாகப்பட்டினத்துக்கு 1861இலேயே தஞ்சாவூரிலிருந்து ரயில் வந்துவிட்டது. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனையும் அங்கேயே இருந்தது. தண்டவாளங்கள் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் விரிந்து, சென்னையில் செயற்கைத் துறைமுகம் வலுப்பெற்ற பின், கப்பல்கள் கரைக்கு வராமல் தொலைவில் நங்கூரமிட வேண்டியிருந்த நாகப்பட்டினத்தில் சரக்கைப் படகில் ஏற்றி இறக்கும் செலவை ஏற்க வணிகருக்குத் தேவை இல்லாமல் போயிற்று. 1920களில் பணிமனையே திருச்சிக்கு அருகிலுள்ள பொன்மலைக்குப் பெயர்ந்தது. ஏறிய துறையும் இறங்கிய நாட்டின் ஆற்றுத்துறையும் ஒரே கணக்கால் சிறுத்தது தற்செயலன்று.

சிறிய துறைகளுக்கு இறுதி அடி 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவார்க் துறையில் விழுந்தது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, சரக்கை மூட்டை மூட்டையாக ஏற்றாமல் இரும்புப் பெட்டிகளில் அடைத்து ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் ஏற்றினார். உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.86 டாலர் ஆன காலத்தில், அந்தக் கப்பலில் ஏற்றும் செலவு 16 சென்ட்டுக்கும் குறைவாக முடிந்தது. கொள்கலன் என்று வழங்கும் இந்தப் பெட்டி உலக வணிகத்தை மலிவாக்கியதோடு, அந்த மலிவு எந்தத் துறைக்குக் கிட்டும் என்பதையும் தீர்மானித்தது: பெரிய கப்பலுக்கு ஆழமான நீரும், பாரந்தூக்கிகளும், பெட்டிகளை அடுக்கப் பரந்த தளமும் வேண்டும், இவற்றுக்கான முதலீடு, ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பெட்டிகள் வரும் இடத்தில்தான் கட்டுப்படியாகும். 1973இல் கொள்கலன் முனையத்தைத் திறந்த கிள்ளான் 2023இல் இருபதடி அளவுக் கணக்கில் ஏறத்தாழ 1.4 கோடி பெட்டிகளைக் கையாண்டது. தெலுக் இந்தானின் ரயில் பாதை 1989இல் மூடப்பட்டது.

இந்தப் பின்னணியில் குருக்மன் கோட்பாட்டுக்குத் திரும்பினால் ஒரு முரண் கண்ணில் படும். ஏற்றுமதியும் இறக்குமதியும் சேர்ந்து நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பையே விஞ்சும் அளவுக்கு மலேசியா திறந்த நாடு. மெக்சிகோவில் நடந்தது இங்கேயும் நடந்திருந்தால் தலைநகரம் தளர்ந்து வெளியூர்கள் தழைத்திருக்க வேண்டும். உண்மையில் அது பாதி நடந்தது. 1969இல் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்து வேலையின்மையில் தவித்த பினாங்கு, 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கப்பட்டதும் மின்னணு ஆலைகளால் மீண்டெழுந்தது. எடை குறைந்து மதிப்பு மிகுந்த மின்னணுச் சில்லுகளுக்கு விமானக் கூலி பொருட்டே அல்ல, கோலாலம்பூரின் சந்தையும் பொருட்டல்ல என்பதால் அவை பினாங்கில் தங்கின. மறுபாதி நடக்காததற்கு நிலவியல் காரணம்: மெக்சிகோ நகரம் கடலிலிருந்து விலகி 2,200 மீட்டருக்கும் மேலான பீடபூமியில் இருக்கிறது, அதன் வெளிநாட்டுச் சந்தையோ வடக்கு எல்லைக்கு அப்பால், கோலாலம்பூரோ நாட்டின் முதன்மைத் துறைமுகத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவுத் தொலைவில் இருக்கிறது. வணிகம் திறக்கும்போது நாடு முழுவதும் ஒரே சீராகத் திறப்பதில்லை; வீட்டுக்கு வாசல் இருப்பது போல நாட்டுக்கும் ஒரு பக்கம் வாசல் அமைகிறது, மலேசியாவில் அந்த வாசல் தலைநகரின் அருகிலேயே அமைந்தது.

அமைந்தது என்று சொல்வதைவிட அமைக்கப்பட்டது என்பதே பொருந்தும். 1965இல் சிங்கப்பூர் பிரிந்தபின் தன் சரக்கைத் தன் துறைமுகத்தின் வழியே அனுப்ப மலேசிய அரசு முனைந்ததில், முதலீடு கிள்ளானுக்குப் போயிற்று. ஆல்பர்ட்டோ அடேசும் எட்வர்ட் கிளேசரும் 85 நாடுகளை ஒப்பிட்டு 1995இல் வெளியிட்ட ஆய்வு, உயர்ந்த சுங்கவரியும் உள்நாட்டுப் போக்குவரத்தின் செலவும் முதல் நகரத்தைப் பெருக்கச் செய்கின்றன என்பதோடு, அதிகாரம் குவிந்திருக்கும் இடத்தில் மக்களும் குவிகிறார்கள் என்ற அரசியல் காரணம் இவற்றைவிட வலியது என்றும் கண்டது. 1896இல் ஒருங்கிணைந்த மலாய் மாநிலங்களின் தலைநகரானது முதல் கோலாலம்பூருக்கு அந்த வலிமையும் உண்டு.

சிறிய ஊர்கள் சந்தைத் தொடர்பை இழக்கும்போது பெரிய ஊர்களைவிட மிகுதியாகத் துன்புறுகின்றன என்பதற்கு ஜெர்மனி தெளிவான சான்று. போருக்குப் பின் நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, எல்லையிலிருந்து 75 கிலோமீட்டருக்குள் இருந்த மேற்கு ஜெர்மானிய நகரங்களின் மக்கள்தொகை வளர்ச்சி, மற்ற நகரங்களோடு ஒப்பிட ஆண்டுக்கு ஏறத்தாழ 0.75 விழுக்காட்டுப் புள்ளி குறைந்ததையும், அவற்றுள் சிறியவையே மிகுதியாகப் பாதிக்கப்பட்டதையும் ஸ்டீபன் ரெட்டிங்கும் டேனியல் ஸ்டர்மும் 2008இல் காட்டினர். பெரிய நகரம் தன் சரக்கில் பெரும்பகுதியைத் தன் மக்களிடமே விற்க முடியும். சிறிய ஊரால் முடியாது.

பேராக்கின் தோட்டப் புறங்களில் இது மனிதர்களின் இடப்பெயர்ச்சியாக வெளிப்பட்டது. ரப்பரைவிடக் குறைந்த ஆட்களைக் கேட்ட செம்பனைக்குத் தோட்டங்கள் மாறியபோதும், அவை துண்டாடி விற்கப்பட்டபோதும் வேலையும் வீடும் ஒருசேர இழந்த குடும்பங்கள், பக்கத்தில் இருந்த தெலுக் இந்தானையோ ஈப்போவையோ கடந்து கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் சென்று புறம்போக்கு நிலங்களில் வீடு கட்டின. இறக்குமதிப் பாகங்களைப் பொருத்தி ஏற்றுமதி செய்யும் ஆலை, துறைமுகத்துக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தால்தான் ஈடுகட்டும். ஆலை இருக்குமிடத்தில்தான் வேலை. 1985இல் அனைத்துலக ஈய மன்றத்தின் விலை ஆதரவு முறிந்து ஈயச் சந்தை சரிந்தபோது, ஈப்போவின் சுற்றுவட்டாரமும் அதே திசையில் ஆட்களை இழந்தது.

1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஈப்போ, தாப்பா, பீடோர் வழியே உள்நாட்டுப் பக்கமாகச் சென்றதால் தெலுக் இந்தான் மறுபடியும் ஓரத்தில் விடப்பட்டது. பந்திங் முதல் தைப்பிங் வரை 233 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டு 2019 முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டுவரும் மேற்குக் கரை நெடுஞ்சாலை, ஊத்தான் மெலிந்தாங் வழியாகத் தெலுக் இந்தானைத் தொட்டுச் செல்வதால் அந்தக் குறை தீர்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு கீழ்ப் பேராக்கில் இருக்கிறது. ஆயினும் சீனாவின் தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபேபர் 2014இல் கண்டது, பெருநகரங்களை இணைக்கப் போடப்பட்ட சாலைகள் வழியிலிருந்த சிறு மாவட்டங்களின் தொழில் வளர்ச்சியைக் குறைத்தன என்பதே. சாலை இருவழிப்பட்டது, உள்ளூர்ச் செம்பனை எண்ணெயும் மீனும் தேங்காயும் அதில் மலிவாக வெளியே போகும், கிள்ளான் ஆலைகளின் சரக்கும் அதே மலிவில் உள்ளே வந்து உள்ளூர்ப் பட்டறைகளோடு போட்டியிடும். எனவே சாலையோடு சேர்ந்து பதப்படுத்தும் ஆலைகளும் குளிர்பதனக் கிடங்குகளும் கீழ்ப் பேராக்கில் அமையாவிட்டால், அந்தச் சாலை தெலுக் இந்தானின் இளைஞர்களைக் கிள்ளானுக்கு இன்னும் விரைவாகக் கொண்டுசேர்ப்பதற்கே பயன்படும். ஆகவே மாநில அரசும் நகராண்மைக் கழகமும் சுங்கச்சாவடியைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், ஊரைவிட்டுப் புறப்படும் லாரிகளில் எத்தனை சரக்கோடு போகின்றன என்ற கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.